காலேறி வந்த சோகை

இலங்கையின் மலைத்தோட்டங்களில் விடியுமுன்பே தப்படித்து ஆள் கூட்டுவார்கள். லயம் என்ற வரிசை வீடுகளிலிருந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு நேரத்தோடு வந்து, கொடுத்த வேலையை முடித்தவருக்கு அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி. முடிக்காதவருக்கு அரைப்பேர். ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றவர், கூடையை இறக்கிவைத்து நடுமலையில் உட்கார்ந்துவிட்டவர், முகம் ஊதி, கால் வீங்கி லயத்திலேயே சுருண்டு படுத்தவர் எல்லோருக்கும் துரையும் கங்காணியும் கொடுத்த பட்டம் ஒன்றுதான்: சோம்பேறி.

அந்தப் பட்டத்துக்குப் பின்னால் ஒரு புழு இருந்தது. ஒரு சென்டிமீட்டர் நீளம், தையல் நூல் தடிமன். தலைப்பக்கம் கொக்கி போல வளைந்திருப்பதால் கொக்கிப்புழு என்று பெயர். தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து கடல் தாண்டிப் போன ஆயிரக்கணக்கான ஆண் பெண்களின் சிறுகுடலில் அது கூட்டங்கூட்டமாகத் தொங்கிக்கொண்டு இரத்தம் குடித்தது. இலங்கையின் தலைமை அரசு மருத்துவ அலுவலராக இருந்த கின்சி, 1887இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 'இலங்கையின் சோகை அல்லது பெரிபெரி' என்பது அதற்கு அவர் வைத்த பெயர். பெரிபெரி என்பது உணவில் தயமின் என்ற சத்துக் குறைந்து வரும் நோய் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இரண்டிலும் கால் வீங்கும், இரண்டிலும் மூச்சு முட்டும். அதனால் இரத்தம் வற்றிச் செத்தவர்களும் பெரிபெரிக் கணக்கில் சேர்ந்தார்கள்.

இந்தப் பட்டம் நம் ஆட்களுக்கு மட்டும் கிடைத்ததும் அல்ல. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோட்டார்ட் சுரங்கப்பாதை போட்டபோது, 1880 வாக்கில், இத்தாலியக் கூலிகள் கொத்துக்கொத்தாக வெளுத்துப்போய் விழுந்தார்கள். சுரங்கத்துக்குள் வெப்பம், ஈரம், கழிப்பிடம் இல்லை. அதே புழு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளையர்களை 'எதற்கும் உதவாதவர்கள்' என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். 1902இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியலாளர் அவர்களுடைய மலத்தில் கொக்கிப்புழு முட்டைகளைக் காட்டியதும் பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பலின் கிருமி' என்று பெயர் சூட்டின. காரணம் தெரிந்த பிறகும் சோம்பல் என்ற சொல்லை விட மனம் வரவில்லை பாருங்கள்.

எந்தப் பூச்சி எது

நம் வீடுகளில் எல்லாமே 'பூச்சி'தான். பிள்ளை மெலிந்தால் வயிற்றில் பூச்சி, தூக்கத்தில் பல்லை நறநறத்தால் பூச்சி, இனிப்புக் கேட்டால் பூச்சி. ஆனால் மனிதக் குடலில் வாழும் உருளைப்புழுக்கள் பல வகை. இராத்திரியில் ஆசனவாயில் அரிப்பெடுக்க வைக்கும் கீரிப்பூச்சி வெள்ளை நூல் துண்டு போல இருக்கும். தொந்தரவுதான், பெரிய ஆபத்து இல்லை. நாக்குப்பூச்சி என்று கிராமத்தில் சொல்லும் பெரிய உருண்டைப்புழு ஒரு சாண் நீளத்துக்கு மேலும் வளரும். பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் முட்டை வரை இடும். அந்த முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சாட்டைப்புழு பெருங்குடலில் தன் மெல்லிய முன்பாகத்தைப் புதைத்துக்கொண்டு வாழ்வது. இந்த இரண்டும் கழுவாத கை, கழுவாத கீரை, தரையில் விழுந்து எடுத்துத் தின்ற பண்டம் வழியாக வாய்க்குள் போகின்றன. இனிப்புச் சாப்பிடுவதால் எந்தப் புழுவும் வருவதில்லை.

மண்வழி பரவும் இந்தக் குடற்புழுக்களில் ஏதாவது ஒன்று உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொக்கிப்புழு இந்தக் கூட்டத்திலிருந்து இரண்டு விதத்தில் விலகி நிற்கிறது. அது பெரும்பாலும் வாய் வழியாக வருவதில்லை. அது குழந்தைகளோடு நின்றுவிடுவதும் இல்லை. இந்த இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் நாம் இன்றைக்கும் அதைப் பாதி மட்டுமே விரட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

தோலைத் துளைக்கும் வழி

கொக்கிப்புழுவை முதலில் கண்டவர் இத்தாலிய மருத்துவர் ஆஞ்சலோ துபினி. 1838இல் மிலான் நகரில் இறந்துபோன ஒரு பெண்ணின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது குடலில் பார்த்தார். ஆனால் அது உடலுக்குள் எப்படிப் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. அந்தக் கண்டுபிடிப்பும் ஒரு விபத்து. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், குடிநீர் வழியாகத்தான் இது போகிறது என்று நம்பி, விலங்குகளுக்குப் புழுக்குஞ்சு கலந்த நீரை வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு அவருடைய கையில் சிந்தியது. சில நிமிடத்தில் அந்த இடம் சிவந்து எரிந்தது. நீரைத் துடைத்து எடுத்துப் பார்த்தால் அதில் குஞ்சுகள் அநேகமாக இல்லை, கழற்றிப் போட்ட வெறும் மேலுறைகள்தான் கிடந்தன. அவை எங்கே போயிருக்கும் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. தன் மலத்தையே சோதித்து வந்தார். இரண்டு மூன்று மாதத்தில் அதில் கொக்கிப்புழு முட்டைகள் தெரிந்தன. 1898இல் அவர் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை.

நடப்பது இதுதான். நோயாளியின் மலத்தோடு முட்டை மண்ணில் விழுகிறது. நிழலும் ஈரமும் இளஞ்சூடும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிக்கிறது. குஞ்சு ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வளர்கிறது. அதன் பிறகு அது எதையும் தின்பதில்லை, காத்திருக்கிறது. மூன்று நான்கு வாரம் வரை உயிரோடு இருக்கும். பனி ஈரத்தில் புல்நுனிக்கு ஏறி நிற்கும். வெறுங்கால் பட்டதும் விரலிடுக்கின் மெல்லிய தோலில் நுழைகிறது. இரத்தத்தோடு இதயம் போய், நுரையீரல் போய், அங்கே சிற்றறைகளைக் கிழித்துக்கொண்டு மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறுகிறது. எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிடுகிறோம். சிறுகுடலை அடைந்து, வளர்ந்து, முட்டையிட மொத்தத்தில் ஐந்து முதல் ஒன்பது வாரம் ஆகும்.

நுழையும் இடத்தில் அரிப்பெடுத்துக் கொப்புளம் வரும். நடவுக்காலத்தில் விரலிடுக்கில் வரும் எல்லா அரிப்பையும் சேற்றுப்புண் என்று மஞ்சளும் மருதாணியும் அரைத்துப் பூசுகிறோமே, அதில் சில இந்தப் புழு உள்ளே போன தடம். சேற்றுப்புண் எல்லாம் புழு அல்ல; பெரும்பாலும் பூஞ்சைதான். ஆனால் இரண்டும் ஒரே காலில், ஒரே பருவத்தில் வருவதால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்தப் புழுக்குஞ்சு நடந்து வெகுதூரம் போகாது. விழுந்த இடத்தைச் சுற்றியேதான் கிடக்கும். வெயில் பட்டுக் காய்ந்தால் செத்துப்போகும். அப்படியிருந்தும் கோடிக்கணக்கானோருக்கு எப்படித் தொற்றுகிறது? விடை நம் ஊர்களின் ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது. கழிப்பறை இல்லாத ஊரில் பெண்கள் விடியுமுன், ஆள் நடமாட்டம் தொடங்குமுன், மறைவும் நிழலும் உள்ள இடத்துக்குப் போகிறார்கள். கருவேலங்காடு, கண்மாய்க்கரை, தோப்பு ஓரம். நேற்றுப் போனதும் அதே இடம், போன வாரம் போனதும் அதே இடம். அந்நேரத்தில் புல்லெல்லாம் பனி. மானத்தைக் காக்கத் தேடிய மறைவும், கண்ணில் படாமல் இருக்கத் தேர்ந்த நேரமும் புழுவுக்குத் தோதாக அமைந்துவிடுகின்றன. வயலில் வேலை செய்து தொற்றுவதைவிட இங்கே தொற்றுவதே கூடுதலாக இருக்க இடமுண்டு.

அந்தக் காலத் தேயிலைத் தோட்டத்தில் இது இன்னும் மோசமாக இருந்தது. லயத்துக்குக் கழிப்பறை இருக்கவில்லை. தேயிலைச் செடியின் அடிதான் ஒதுங்கும் இடமாக இருந்தது. அதன் கீழே எப்போதும் நிழல், எப்போதும் ஈரம். அதே செடிகளுக்கு நடுவே வெறுங்காலோடு நின்றுதான் கொழுந்து கிள்ள வேண்டியிருந்தது.

செருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செருப்புப் போட்டால் தொற்று குறையும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படுவது. முழுக் காப்பு இல்லை. சேற்று வயலில் செருப்போடு நடவு நட முடியாது. ஆனால் குறைக்கும். அந்தச் செருப்பை வாங்கக் காசில்லாதது மட்டும் நம் ஊரில் காரணம் இல்லை. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று தலித் மக்களைத் தடுத்த ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தன. அந்தக் கால்களில் ஏறிய புழுவை வறுமையின் கணக்கில் மட்டும் எழுதிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரத்தக் கணக்கு

மனிதனைப் பிடிக்கும் கொக்கிப்புழுக்களில் முக்கியமானவை இரண்டு. நெகேட்டர் அமெரிக்கானஸ் என்பதற்கு வாயில் வெட்டும் தகடுகள். ஆன்கைலோஸ்டோமா டியோடினேல் என்பதற்குப் பற்கள். தென்னிந்தியாவில் முதலாவதுதான் அதிகம். ஒரு நெகேட்டர் புழுவால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. மற்றது ஐந்து மடங்குக்கு மேல் குடிக்கும். குடிப்பதோடு விடுவதில்லை. கடித்த இடத்தில் இரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளைச் சுரக்கிறது. பிறகு இடத்தை மாற்றி வேறெங்கோ கடிக்கிறது. விட்டுப்போன புண்ணிலிருந்தும் கசிந்துகொண்டே இருக்கும்.

0.03 மில்லிலிட்டர் என்றால் ஒரு சொட்டுக்கும் குறைவு. இதிலா சோகை வரும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு நூறு புழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அரிய எண்ணிக்கை அல்ல. நாளுக்கு 3 மில்லிலிட்டர். மாதத்துக்கு 90 மில்லிலிட்டர். ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கில் சராசரியாகப் போவது 30 முதல் 40 மில்லிலிட்டர்தான். அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், மாதம் முழுக்க, கண்ணில் படாமல் போகிறது. அந்த 3 மில்லிலிட்டரில், ஏற்கெனவே சற்று வெளுத்துப்போன பெண்ணின் இரத்தத்திலேயே, சுமார் 1 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதில் ஒரு பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மீதி போனது போனதுதான். நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளும் இரும்பே 1 முதல் 2 மில்லிகிராம். சோறும் இரசமும் மோரும் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அதுவும் கிடைக்காது. வரவும் செலவும் சரிக்குச் சரி போய், கருவுற்றால் கணக்கு அடியோடு கவிழ்கிறது.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது. இதற்கெல்லாம் கொக்கிப்புழுதான் காரணம் என்று சொன்னால் அது பொய். உணவில் இரும்பு போதாமையே முதல் காரணம். ஆனால் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போல இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தும் ஏறாத உடல்கள் இருக்கின்றன. அங்கே ஓட்டையைப் பார்க்க வேண்டும்.

சோகையின் ஒரு விநோதமான அறிகுறியைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரும்பு குறைந்தவர்களில் சிலருக்கு மண், சாம்பல், பச்சரிசி, செங்கல் தூள் மேல் அடங்காத ஆசை வரும். பிள்ளை மண் தின்கிறான், அதனால்தான் வயிற்றில் பூச்சி என்று தாய்மார் அடிப்பார்கள். உருண்டைப்புழுவைப் பொறுத்தவரை அது சரி. முட்டை மண்ணோடு வாய்க்குள் போகும். கொக்கிப்புழுவில் பல நேரம் கதை தலைகீழ். புழு இரத்தத்தைக் குடித்து இரும்பு வற்றியதால் மண்ணைத் தேடுகிறது அந்தப் பிள்ளை. அடி வாங்க வேண்டிய குற்றம் எதையும் அது செய்யவில்லை.

ஓம உப்பும் மண்டபம் முகாமும்

இந்தப் புழுவுக்கு முதலில் கிடைத்த நல்ல மருந்து தைமால். நம் ஊர்க் கடையில் ஓம உப்பு என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். இத்தாலிய மருத்துவர் போசோலோ கோட்டார்ட் காலத்திலேயே இதைக் கொடுத்துப் பார்த்தார். முதல் உலகப் போருக்கு முன்பு இந்தியாவிலிருந்து ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குப் போய், அங்கே ஆலைகளில் தைமால் வடித்து உலகெங்கும் விற்கப்பட்டது. ஆக, நாம் வயிற்று வலிக்குத் தட்டிப் போடும் ஓமத்தின் சாரம் கப்பலேறிப் போய், மருந்தாகித் திரும்பி வந்து தோட்டத் தமிழர்களின் குடலுக்குள் போனது.

ஆனால் ஓமத் தண்ணீர் குடித்தால் புழு போகும் என்று இதற்குப் பொருள் இல்லை. அன்றைக்குக் கொடுத்த அளவு ஆளையே சாய்க்கும் அளவு. முதல் நாள் பட்டினி, இரவு பேதி உப்பு, காலையில் தைமால், பிறகு மறுபடியும் பேதி உப்பு. இதில் எண்ணெய், நெய், சாராயம் எதுவும் சேரக் கூடாது. சேர்ந்தால் தைமால் அதில் கரைந்து இரத்தத்தில் ஏறி விஷமாகும். நம் வீடுகளில் பேதிக்கு என்றாலே விளக்கெண்ணெய்தான். இந்த மருந்துக்கு அதுவே எமன். அதன் பிறகு செனோபோடியம் என்ற செடியிலிருந்து எடுத்த எண்ணெய் வந்தது. 1921இல் மாரிஸ் ஹால் என்பவர் கார்பன் டெட்ராகுளோரைடு புழுவை வெளியேற்றும் என்று கண்டார். அது மலிவு, வேகம். ஆனால் ஈரலைக் கெடுக்கும், ஆளையும் கொல்லக்கூடியது. அதையும் இலட்சக்கணக்கானோருக்குக் கொடுத்தார்கள்.

கொடுத்ததில் பெரும்பங்கு ராக்ஃபெல்லர் பணம். 1909இல் அமெரிக்க எண்ணெய்க் கோடீஸ்வரர் ஜான் ராக்ஃபெல்லர் பத்து இலட்சம் டாலர் கொடுத்து அமெரிக்கத் தென் மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிவைத்தார். அங்கே பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை தொற்றோடு இருந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த வேலை கடல் கடந்தது. 1916இல் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியது. 1920களில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இலங்கைத் தோட்டங்களில் சோதித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு இறங்கியது, ஆட்கள் தேறினார்கள். கழிப்பறை கட்டுங்கள் என்று அடுத்த படியைச் சொன்னபோது தோட்ட முதலாளிகள் தயங்கினார்கள். மருந்து ஒரு நாள் செலவு. கழிப்பறை கட்டவும் பணம், காக்கவும் பணம். மருந்து குடித்தவர் திரும்பவும் அதே தேயிலைச் செடியின் அடிக்குத்தான் போனார். சில மாதத்தில் திரும்பவும் புழு.

அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போகும் தொழிலாளர்கள் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் தங்கித்தான் கடல் கடக்க வேண்டும். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. காலரா, அம்மை எதுவும் இல்லை என்று தெரியும்வரை நிறுத்திவைப்பார்கள். கொக்கிப்புழு மருந்தும் அங்கே கொடுத்தார்கள். ஊரிலிருந்து புழுவைச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்பது காரணம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. வறண்ட ஊரில் நாலைந்து புழுவோடு இருந்தவருக்கு மழைமலையின் ஈரத்தில் நூற்றுக்கணக்காகப் பெருகியது. முகாமில் சுத்தம் செய்து அனுப்பிய உடலை லயம் திரும்பவும் நிரப்பியது. பின்னாளில் அதே மண்டபம் முகாமில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் அகதிகளாகத் தங்கினார்கள் என்பது வேறு கதை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு வரிசைகளும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

இலங்கையில் இந்த வேலை வீண்போகவில்லை. புழுவை மட்டும் துரத்தினால் போதாது, ஊரின் சுகாதாரத்தையே மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்று அனுபவத்தில் கண்டு, 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். தாய் சேய் நலம், கழிப்பறை, தடுப்பூசி எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. இன்றைக்கு இலங்கையின் பொதுச் சுகாதாரத்தை உலகம் பாராட்டுகிறதென்றால் அதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. தோட்டங்களுக்கு அந்தக் குடை வந்து சேர மிக நீண்ட காலம் ஆனது.

ஒரு மாத்திரை போதுமா?

இப்போது நம்மிடம் இருப்பது அல்பெண்டசோல். 400 மில்லிகிராம், கடித்து மென்று விழுங்க வேண்டிய ஒற்றை மாத்திரை. புழுவின் செல்களுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுக்கிறது. சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் புழு பட்டினியில் சாகிறது. பட்டினி கிடக்க வேண்டாம், பேதிக்குக் குடிக்க வேண்டாம். அந்தத் தைமால் நாட்களை நினைத்தால் இது எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும். ஒற்றை வேளையில் உருண்டைப்புழு உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள், கொக்கிப்புழுவில் எண்பது பேர் வரை. சாட்டைப்புழுதான் அடங்காது, முப்பது பேருக்குத்தான் போகும்.

2015 முதல் இந்தியாவில் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 வயது முதல் 19 வயது வரையுள்ளோருக்கு மாத்திரை. இரண்டு வயதுக்குக் கீழே பாதி மாத்திரை. தமிழ்நாடு இதோடு நிற்காமல் கருவுறாத, பாலூட்டாத 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்தது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஏனென்றால் உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பள்ளி வயதில் உச்சத்தில் இருந்து பிறகு குறையும். கொக்கிப்புழு அப்படி இல்லை. வயது ஏற ஏற அதுவும் ஏறி, உழைக்கும் வயது முழுக்க உடனிருக்கும். பள்ளியில் மட்டும் மாத்திரை கொடுத்தால், களை எடுக்கும் நாற்பது வயது அம்மாவும் மாடு மேய்க்கும் ஐம்பது வயது அப்பாவும் விட்டுப்போகிறார்கள். பிள்ளையின் வயிறு சுத்தமாகிறது, வீட்டின் மண் சுத்தமாவதில்லை.

இந்தக் கேள்வியைத்தான் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும், பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதற்குப் பதிலாக ஊரார் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை மூன்று ஆண்டுகள் மாத்திரை கொடுத்தால் பரவலையே நிறுத்திவிட முடியுமா என்று பார்த்த பெரிய ஆய்வு அது. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும் அதே முறையில் நடந்தது. தொடங்குமுன் எடுத்த கணக்கிலேயே ஒன்று தெளிவாகிவிட்டது: இங்கே இருப்பது பெரும்பாலும் கொக்கிப்புழு, சமவெளியான திமிரியைவிட ஜவ்வாது மலையில் அதிகம், பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகம்.

மாத்திரை கொடுப்பதால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்களா என்ற சண்டையும் ஒன்று உண்டு. கென்யாவில் 75 பள்ளிகளில் நடந்த ஆய்வில் பள்ளிக்கு வராமல் நிற்பது கால்பங்கு குறைந்தது என்று மைக்கேல் கிரெமரும் எட்வர்டு மிகேலும் 2004இல் எழுதினார்கள். கிரெமர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். பல ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்த காக்ரேன் குழுவோ எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பதால் எடையிலும் படிப்பிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றது. எனக்குத் தோன்றுவது: புழு எல்லோரிடமும் சமமாக இருப்பதில்லை. ஓர் ஊரின் புழுக்களில் பெரும்பங்கு சிலருடைய வயிற்றில்தான் இருக்கும். நூறு பேரின் சராசரியைப் பார்த்தால் மாற்றம் தெரியாது. அந்தச் சிலருக்கு அந்த மாத்திரை உயிர் கொடுத்திருக்கும்.

மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சிகிச்சைக்குப் பின் ஓராண்டில், முன்பிருந்த தொற்று அளவில் உருண்டைப்புழு 94 விழுக்காட்டுக்குத் திரும்பிவிடுகிறது, கொக்கிப்புழு 57 விழுக்காட்டுக்கு. மருந்து இறக்குகிறது, நிலம் ஏற்றுகிறது. ஆழக் குழிக் கழிப்பறை இருந்தால் குஞ்சு மேலே ஏறி வர முடியாது. இது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீர் இருக்க வேண்டும், காட்டு வேலைக்குப் போன இடத்திலும் ஒதுங்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

கருவுற்ற பெண்களுக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு அல்பெண்டசோல் கொடுக்கலாம் என்பது இந்திய அரசின் வழிகாட்டுதல். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டால் கொடுப்பார்கள். முப்பதைத் தாண்டி, வயலிலோ தோட்டத்திலோ வெறுங்காலோடு வேலை செய்து, இரும்பு மாத்திரை சாப்பிட்டும் இரத்தம் ஏறவில்லை என்றால் மலப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. காலையில் கழித்ததை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மிக மெல்லியது. கண்ணாடிச் சில்லில் தடவிய அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். அதற்கு மேல் வைத்திருந்தால் கரைந்து மறைந்துவிடும், புழு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.